இருபது கிலோ கடல்

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் போனஸ் முழுவதையும் கடல்நீர்த் தொட்டியில் போடுவதென்று முடிவு செய்துவிட்டான். "அண்ணா, மூணடி டேங்க். எரநூறு லிட்டர். ஸ்கிம்மர் வாங்கியாச்சு, லைட் வந்துட்டிருக்கு. லைவ் ராக் இருபது கிலோ சொல்லி வச்சிருக்கேன். அது வந்து ரெண்டு வாரத்துல ஈஸியான கோரலாப் பாத்துப் போட்டுடலாம்னு சொன்னாங்க. ஜீனியா, ஸ்டார் பாலிப், ஜோவா. சரிதானேண்ணா?"

சரியில்லை என்றேன். ஏன் என்றான். அரை மணி நேரம் பேசியும் எனக்கே திருப்தி வரவில்லை. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் அவன் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. கடையில் கேட்டாலும் இதுதான் பதில், பத்து வருடம் தொட்டி வைத்திருப்பவரைக் கேட்டாலும் இதுதான் பதில். கடலிலிருந்து வந்த கல்லுக்குத்தான் உயிர் உண்டு. பத்து லிட்டருக்கு ஒரு கிலோ போடு. கல் உட்கார்ந்ததும் சாகாத பவளமாகப் பார்த்து ஆரம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் இந்த மந்திரம்தான் ஓதப்பட்டது. பிறகு நானே நாலைந்து பேருக்கு ஓதியிருக்கிறேன், அந்தப் பாவமும் என் கணக்கில் இருக்கிறது.

முதலில் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வோம். லைவ் ராக் என்று விற்கப்படுவது செத்த பவளத்தின் எலும்பு. கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு எதிலிருந்து வருகிறதோ அதே வம்சம். கல்லுக்கு உயிர் கிடையாது. அதன் மேலும் துளைகளுக்குள்ளும் குடியிருப்பவற்றுக்குத்தான் உயிர். அவற்றில் நமக்கு முதலில் வேண்டியது பாக்டீரியா. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஒரு பாக்டீரியாக் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அடுத்தது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். கல்லின் உட்துளையில், ஆக்சிஜன் எட்டாத இருட்டில், மூன்றாவது கூட்டம் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடும். முதல் இரண்டு கூட்டமும் மந்தம். சாதாரண அழுகல் பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிக்கும் என்றால், இவை ஒருமுறை இரட்டிக்க ஒரு நாள் பக்கம் எடுத்துக்கொள்ளும். ஆனால் குடியேறும் இடத்தில் இவற்றுக்குப் பிகு கிடையாது. கண்ணாடி, மணல், பம்ப்பின் குழாய், பீங்கான் வளையம், குவாரியில் உடைத்த சுண்ணாம்புக் கல், எதுவானாலும் சரி. இந்தக் கல் பிஜித் தீவிலிருந்து வந்ததா என்று எந்தப் பாக்டீரியாவும் விசாரிப்பதில்லை.

அப்படியென்றால் கடல்கல்லுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு? நேரத்துக்கு என்பார்கள். பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் கல்லைக் கொண்டுவந்து வைத்தால் தொட்டி உடனே தயார், காத்திருக்க வேண்டாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

என் முதல் கல் பதினெட்டு கிலோ. கறுப்புப் பிளாஸ்டிக் பையில், ஈரச் செய்தித்தாளில் சுற்றி வந்தது. இந்தோனேசியக் கல் என்றார்கள். காகிதம் கேட்க எனக்கும் தோன்றவில்லை. எத்தனை நாள் தண்ணீருக்கு வெளியே இருந்தது என்று மட்டும் கேட்டேன். "ஃப்ரெஷ் சார்" என்றார் கடைக்காரர். இரவு பதினொரு மணிக்கு அடுக்கி முடித்துவிட்டு, ஏதோ கோயில் கட்டியவன் போல நின்று பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் அம்மா கூடத்துக்கு வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி எங்கயோ செத்துக் கிடக்கு, சோபாவுக்கு அடியில பாருடா" என்றாள். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருந்தது. அம்மோனியா டெஸ்ட் குழாய் மஞ்சளாக நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கரும்பச்சைக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். கல்லில் ஒட்டியிருந்த கடற்பஞ்சு, புழு, சின்னச் சிப்பி, பாசி எல்லாம் பையிலேயே சாகத் தொடங்கியிருந்தன. தொட்டிக்குள் வந்து அழுகின. கல்லை வெளியே எடுத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, பக்கெட் பக்கெட்டாக உப்புநீர் கலக்கி மாற்றி, அம்மோனியா பூஜ்ஜியத்துக்கு வர ஆறு வாரம் ஆனது. உயிர் எதுவும் ஒட்டாத வெறும் காய்ந்த கல்லில் தொடங்கியிருந்தாலும் நாலு முதல் ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். நேரத்துக்கென்று பணம் கொடுத்து வாங்கிய கல் எனக்கு ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தித் தரவில்லை. நாற்றம் மட்டும் இலவச இணைப்பு.

அந்தப் பயணத்தில் பிழைத்துக்கொண்டவை எவை தெரியுமா? மென்மையானவை செத்துவிட்டன. அயிப்டாசியா பிழைத்தது, ஒன்றைக் கிள்ளினால் நாலாக முளைக்கும் அந்தக் கண்ணாடிச் சாமந்தி. குமிழ்ப்பாசி பிழைத்தது. ஒரு மான்டிஸ் இறாலும் பிழைத்தது. இரவு விளக்கணைத்தபின் தொட்டிக்குள்ளிருந்து யாரோ காசால் கண்ணாடியைத் தட்டுவதுபோல் டக், டக் என்று சத்தம் வரும். பம்ப்பில் கோளாறு என்று இரண்டு வாரம் பம்ப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு கிளவுன் மீன் காணாமல் போனபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆகவே, கடல்கல் பல்லுயிரைக் கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. எதைக் கொண்டுவரும் என்றுதான் கேட்கிறேன்.

கடல்கல் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் வரலாற்றை எடுப்பார்கள். ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் தன் 'இயற்கை முறை'யைப் பற்றி எழுதினார்: பவளக்கல், கடல்நீர், கொஞ்சம் காற்றுக்குமிழி, அவ்வளவுதான், தொட்டி தானே ஓடும். பிறகு பெர்லினில் டீட்ரிக் ஸ்டூபர் முதலானோர் அதே கல்லோடு கழிவை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்து, வீட்டுக்குள் பவளம் வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். இன்றைக்கும் 'பெர்லின் முறை' என்றுதான் அதற்குப் பெயர். இவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே இல்லை. ஆனால் லீ இருந்தது கடலோர ஊரில், பவளக் கடலின் மடியில். அவருக்குக் கிடைத்த கல்லும், பெட்டியில் அடைத்து விமானமேறி, சுங்கத்தில் காத்துக் கிடந்து, கடைத் தொட்டியில் ஒரு வாரம் ஊறி என் கூடத்துக்கு வந்த கல்லும் ஒன்றல்ல. சமையல்குறிப்பு அதேதான் என்றாலும், அவர் சமைத்தது அன்றைக்குப் பிடித்த மீனை.

கிலோக் கணக்கு இன்னும் வேடிக்கை. பத்து லிட்டருக்கு ஒரு கிலோ. கல்லே முழு வடிகட்டியாக இருந்த முறையில் நிறையக் கல் வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் வேலை செய்வது துளைப்பரப்பு, எடை அல்ல. கையில் இரண்டு கல்லைத் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவு. ஒன்று அம்மிக்கல் மாதிரி கனக்கிறது, இன்னொன்று ரஸ்க் மாதிரி லேசாக இருக்கிறது. வடிகட்டுவதில் கெட்டிக்காரன் ரஸ்க்தான். கிலோக் கணக்கில் விற்கும்போது லாபம் தருவது அம்மிக்கல். எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்று விற்பவரே சொல்லித்தரும் வியாபாரத்தில் இது ஆச்சரியமில்லை. என் இப்போதைய தொட்டியும் இருநூறு லிட்டர்தான். அதில் இருக்கும் காய்ந்த கல் பதினொரு கிலோ, சம்ப்பில், அதாவது கீழ்த்தொட்டியில், ஒரு பை பீங்கான் உருண்டை. பின்சுவர் முழுக்கக் கல்லை அடுக்கிப் பழைய பாணியில் மதில் கட்டினால் நீரோட்டம் பின்பக்கம் போகாது. அங்கே சேரும் கசடு இரண்டாம் வருடம் நைட்ரேட்டாக வட்டியோடு திரும்பி வரும்.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருகிறேன், அதை மறைத்துவிட்டு எழுதினால் இது மறுப்பே ஆகாது. காய்ந்த கல்லில் தொடங்கும் தொட்டிகளுக்கு ஓர் அசிங்கமான பருவம் உண்டு. இரண்டாம் வாரம் மணல் மேல் பழுப்புத் தூள் படியும், டயட்டம். பிறகு பச்சை முடிப்பாசி. பிறகு சிவப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி சயனோபாக்டீரியா. மோசமான அதிர்ஷ்டம் இருந்தால் டைனோஃபிளாஜெல்லேட்: குமிழி தொங்கும் பழுப்புச் சளி, காலையில் உறிஞ்சி எடுத்தால் மாலையில் திரும்பி நிற்கும். வெற்றிடமாக இருக்கும் கல்லில் போட்டியாளர்கள் இல்லாததால் முதலில் வருபவன் பட்டா போட்டுக்கொள்கிறான். நல்ல கடல்கல்லில் இது குறைவாக வரும் என்பது உண்மை. எனக்கே டைனோ வந்தது, இரண்டரை மாதம் படுத்தியது.

ஆனால் ஏன் வந்தது? தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற வெறியில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்திருந்தேன். பட்டினி போட்ட தொட்டியில் டைனோவுக்குத்தான் கொண்டாட்டம். நைட்ரேட்டை 5 பி.பி.எம்., பாஸ்பேட்டை 0.05 பி.பி.எம். பக்கம் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் மற்ற உயிர்கள் தலையெடுத்து அதை ஓரங்கட்டின. பல்லுயிர் வேண்டும் என்றால் அதற்கு இருபது கிலோ தேவையே இல்லை. நன்றாக ஓடும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு கல், ஒரு டம்ளர் மணல் போதும். தயிருக்கு உறை ஊற்ற ஒரு ஸ்பூன் போதும் என்று தெரிந்த ஊரில், பானை நிறையத் தயிர் வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். அந்த நண்பரின் கல்லில் அயிப்டாசியா இருக்கிறதா என்று முன்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் பைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கல்லை ஊதாவாக்கும் கோரலைன் பாசிகூட அப்படி ஒட்டிக்கொண்டு வருவதுதான். ஒரு வருடத்தில் காய்ந்த கல்லுக்கும் கடல்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவில் காய்ந்த கல்லை லைவ் ராக் ஆக்குவது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. புளோரிடாவில் மாநிலக் கடலில் 1989இலும், அதற்கப்பால் கூட்டாட்சிக் கடலில் 1997 ஜனவரியிலும் காட்டுக்கல், அதாவது இயற்கையாகக் கிடக்கும் கடல்கல், எடுப்பது நின்றது. வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. குத்தகைக்கு எடுத்த கடலடியில் குவாரிச் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டினார்கள், ஒன்றிரண்டு வருடம் விட்டு அள்ளினார்கள், லைவ் ராக் என்று விற்றார்கள். வாங்கியவர்கள் குறை சொல்லவில்லை. உலகத்துக்கே கல் அனுப்பிக்கொண்டிருந்த பிஜியும் 2017 இறுதியில் பவளம், காட்டுக்கல் இரண்டின் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. கடல்கல் இல்லாமல் தொட்டி இல்லை என்பது உண்மையானால் அதற்குப் பிறகு உலகத்தில் தொட்டிகளே தோன்றியிருக்கக் கூடாது.

நம் கடலுக்கு வருவோம். "ரெண்டு கல்லு எடுத்தா என்ன சார், இழுவைப்படகுல தினம் எவ்வளவு நாசமாகுது" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இழுவைப்படகு நாசம் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் கொள்ளை போனது என்பதற்காக நம் வீட்டுப் பையன் கொஞ்சமாகத் திருடலாம் என்றாகாது. தனுஷ்கோடிக்குப் போனால் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் நிற்கிறது. பார்க்கச் சாதாரணக் கருங்கல் சுவர்போல இருக்கும். கிட்டே போய் விரல் வைத்தால் தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தட்டுப்படும். பவளம். அந்தக் கரையில் வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கைக்கெட்டும் கல் அதுதான். ஒரு காலத்தில் அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் 2000களின் தொடக்கம் வரை பவளம் வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளத்தை வெட்டிய பிறகு மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? விலாங்குசல்லி என்ற பெயரிலேயே 'சல்லி' இருக்கிறது. சல்லியை அள்ளியபின் பெயர் மட்டும்தான் மிச்சம்.

1986இல் அங்கே கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் கல் பவளங்கள் முழுவதும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி எல்லாமும் கூடவே. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் வெறும் எலும்பாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். குறைந்தது மூன்று வருடச் சிறை, ஏழு வரை போகலாம். ராமேஸ்வரம் பக்கமிருந்து 'லோக்கல் ராக்' வந்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் யாராவது சொன்னால், புலித்தோல் விற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் பதினெட்டு கிலோ எந்தக் கடலிலிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி பவளம். 'ஆரம்பக்காரர் பவளம்' என்று ஒரு பட்டியல் எல்லோர் வாயிலும் இருக்கிறது: ஜீனியா, கிரீன் ஸ்டார் பாலிப், கென்யா ட்ரீ, ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர். காரணம் ஒன்றே ஒன்று: சாகாது. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், வேகமாக வளரும். இந்தக் காரணத்தை மட்டும் வைத்து ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலே சாட்சி. காப்பாஃபைகஸ் என்று ஒரு கடற்பாசி. கேரஜீனன் எடுப்பதற்காக மண்டபம் பகுதியில் வளர்க்கக் கொண்டுவந்தார்கள். எளிதில் வளரும், ஒரு துண்டு போதும், சாகாது என்பதுதான் அதன் பெருமை. வளர்ப்பிலிருந்து தப்பிய அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதன் பிறகு கையால் பிடுங்கி எடுக்கும் வேலை. கொண்டுவந்தபோது எதைப் பெருமையாகச் சொன்னார்களோ அதுவே பிறகு புகாரானது.

மூன்றடித் தொட்டியிலும் அதே கதைதான். ஸ்டார் பாலிப்பை நடுக்கல்லில் வைத்தால் முதல் ஆறு மாதம் பச்சைப் புல்வெளி, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு வருடத்தில் அதன் ஊதாப் பாய் அடுத்த கல்லுக்குத் தாவும், பிறகு எல்லாக் கல்லுக்கும். பிளேடால் சுரண்டினாலும் ஓர் ஓரத்திலிருந்து மறுபடி கிளம்பும். கென்யா ட்ரீ கிளை கிளையாக உதிர்க்கும், விழுந்த இடமெல்லாம் ஒரு மரம். ஜீனியா கை தட்டுவதுபோல் திறந்து மூடும் அழகில் மயங்காதவர் இல்லை. அதுவும் படரும், பிறகு ஒரு நாள் காரணமே தெரியாமல் மொத்தமாகக் கரைந்து போய்த் தண்ணீரையும் கெடுக்கும். தொடக்கக்காரனுக்குப் பவளத்தில் முதலில் வேண்டிய குணம் தப்பைத் திருத்த முடிவது. எடுத்துவிட முடியுமா, இடம் மாற்ற முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பவளம் எவ்வளவு முரடாக இருந்தாலும் அவனுக்கு ஏற்றதல்ல.

ஜோவாந்திட் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்வேன். அதே இனக்கூட்டத்தைச் சேர்ந்த பாலித்தோவாவிலிருந்து பாலிடாக்சின் என்ற நஞ்சை 1971இல் ஹவாயில் மூர், ஷோயர் இருவரும் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. ஜோவாந்திட் வகைகள் எல்லாவற்றிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை, சிலவற்றில் பெயருக்குக்கூட இருக்காது. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். கடல்கல்லும் 'எளிய பவளமும்' கைகோக்கும் இடம் இதுதான்: காட்டுக்கல்லில் ஒட்டிக்கொண்டு அடிக்கடி வருவது பழுப்புப் பாலித்தோவா. அழகாக இருக்காது. அதை ஒழிக்கிறேன் என்று கல்லை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிநீரை ஊற்றித் தேய்ப்பதும் அதே வகைதான். கையுறையும் கண்ணாடியும் போடும் பழக்கம் வராதவன் முதல் வருடத்தில் இதைத் தொடாமலிருப்பது நல்லது. கடையில் 'பிகினர்' என்று எழுதி ஒட்டிய தட்டில் இதுதான் முன்னால் இருக்கிறது.

கல் பவளம்தான் அப்படியென்றால் நல்லதா? நம் நாட்டில் அந்தக் கதவை அட்டவணையே சாத்திவிட்டது, எனக்கு வருத்தமில்லை. மிஞ்சுவதில் நான் பையனுக்குச் சொன்னது இரண்டே இரண்டு. டோட்ஸ்டூல் லெதர் ஒன்று, தனிக் கல்லில் ஒட்டியது. மஷ்ரூம் ஒன்று, அதுவும் தனிக் கல்லில், மணல் மேல், வெளிச்சம் குறைந்த மூலையில். இரண்டும் யாராவது தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டாக இருக்க வேண்டும். லெதர் மாதம் ஒருமுறை நாலைந்து நாள் சுருங்கி, மெழுகு பூசிய மாதிரி ஒரு தோல் போர்த்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று நினைத்து எடுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அது சட்டை உரிக்கிறது, அவ்வளவுதான். பொறுத்திருந்தால் முன்னைவிட அகலமாக விரியும்.

கல்லில் மிச்சமாகும் பணத்தைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் போடச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது, சில்லர் அழகான சாமான் இல்லை. சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாத தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் மன்னார் வளைகுடாப் பவளமே வெளுக்கிறது. 2010இலும் 2016இலும் பெரிய அளவில் வெளுத்துச் செத்தது. கடலால் தாங்க முடியாததை நம் கூடத்துத் தொட்டி தாங்காது. மிச்சமிருந்தால் ஆர்.ஓ.வுக்குப் பின்னால், அது விட்டதைப் பிடிக்க ஒரு டி.ஐ. குடுவை. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. விட்டுவைக்கும் 40, 50 டி.டி.எஸ்.ஸில் டயட்டத்துக்கு வேண்டிய சிலிக்கேட் தாராளமாக இருக்கும்.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டான். அம்மோனியா 2 பி.பி.எம். போட்டால் இருபத்துநாலு மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக வேண்டும், அதற்கு ஆறு வாரம் வைத்துக்கொள். அதன் பிறகு ஒரு ஜோடிச் சின்ன மீன். பழுப்பும் பச்சையும் வந்து போகட்டும். முதல் பவளம் அஞ்சாவது மாதம்.

"அஞ்சு மாசமா! வெறும் கல்லையா பாத்துட்டு ஒக்காந்திருப்பாங்க?"

பதில் சொல்லாமல் பின்பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் இன்னொருவருக்காகக் காய்ந்த கல் ஒன்பது கிலோ ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னப் பம்ப் மட்டும்தான், ஹீட்டர்கூட இல்லை, வெளிச்சமும் இல்லை. என் சம்ப்பிலிருந்து எடுத்த எலுமிச்சை அளவு கல் ஒன்று மட்டும் உள்ளே போட்டிருந்தேன், அது போட்டு ஏழு வாரம். மூடியைத் திறந்து டார்ச்சைத் தண்ணீருக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் டிரம்மின் சுவரில் வெள்ளைப் புள்ளிகள் ஓடத் தொடங்கின. கடுகில் பாதி அளவு, நின்று நின்று தாவும் கோபிபாட். பத்து, ஐம்பது, எண்ண முடியாத அளவு. கல்லின் ஓர் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டி, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அவன் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, தலையை டிரம்முக்குள் விட்டபடியே கேட்டான்: "அந்த இருபது கிலோவுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே அண்ணா, திருப்பித் தருவாங்களா?"